இடது முன்சக்கரம்

முதல் ஆறு கேள்விகளைப் பூங்கோதை தலை நிமிராமல் எழுதினாள். ஏழாவது கேள்வியில் கை நின்றது. அதிர்வுள்ள இடத்தில் பூட்டிய போல்ட் ஏன் தானாகத் தளர்கிறது, அதைத் தடுக்க என்ன வழி, இரண்டு மதிப்பெண். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஓசூரில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஆறு வருஷமாக அவளுடைய வேலையே அதுதான், டார்க் ரெஞ்சைப் போல்ட்டின் தலையில் வைத்துத் திருப்புவது, உரிய இறுக்கம் வந்ததும் அது கிளிக் என்று சொல்லும், சொன்னதும் போல்ட் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுப்பது, ஒரு ஷிப்டுக்குத் தொள்ளாயிரம் கோடு. சிரித்துக்கொண்டேதான் எழுத ஆரம்பித்தாள். சரியாக இறுக்கப்படாத போல்ட், என்று எழுதினாள். அங்கே பேனா நின்றது. இறுக்கப்படாத. ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, சிவப்பு மாருதி ஜாக்கியின் மேல், வலது முன்சக்கரம் முடிந்தது, கிளிக் கேட்டது, கோடு போட்டாள், அது சந்தேகமே இல்லை. பிறகு இடது பக்கம். புது பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரைத் தூக்கி வைத்தாள், மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட், இரண்டையும் விரலால் திருகி உள்ளே விட்டாள், ரெஞ்சைக் கையில் எடுத்தாள், அப்போது போன் அடித்தது. அதற்குப் பிறகு? அதற்குப் பிறகு இறுக்கினேனா? கல்லூரித் தேர்வு அறையில் மின்விசிறி ஒன்று தட்தட்டென்று சுற்றிக்கொண்டிருந்தது, மணி பத்து பதினாறு, அப்பாவும் அம்மாவும் அந்த வண்டியில் சேலத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

இறுக்கியிருப்பேன், என்று முதலில் தோன்றியது, இறுக்காமல் எப்படிச் சக்கரத்தை மாட்டுவேன், நான் என்ன நேற்று வேலைக்கு வந்தவளா. போனில் சூப்பர்வைசர் அருள்தாஸ். "கோதை, கஸ்டமர்கிட்ட இருந்து பன்னெண்டு பீஸ் திரும்பி வந்திருக்கு. உன் கையெழுத்து போட்ட பேட்ச். ஞாயித்துக்கிழமைன்னு பாக்காத, கிளம்பி வா." மண்ணெண்ணெயில் கை கழுவினாள், அது ஞாபகம் இருக்கிறது, விரலிடுக்கில் கிரீஸ் போகவில்லை, அதோடு ஸ்கூட்டியை எடுத்தாள். போகும் முன் இறுக்கினாளா? போன் அடித்தபோது ரெஞ்ச் கையில் இருந்தது. பேசும்போது எந்தக் கையில்? வலது கையில் போன் என்றால் ரெஞ்சைக் கீழே வைத்திருக்க வேண்டும். திரும்பி வரும்போது நாலு மணி தாண்டிவிட்டது, ரெஞ்ச் எங்கே இருந்தது, பெட்டியிலா, சாக்கின் மேலா, பெட்டியில் என்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம், அவள் வேலை முடியாமல் ரெஞ்சைப் பெட்டியில் வைக்கிறவள் இல்லை. பெட்டியில் பார்த்த மாதிரியும் இருந்தது, சாக்கின் மேல் பார்த்த மாதிரியும் இருந்தது. கிளிக்கை நினைவுபடுத்திப் பார்த்தாள். உடனே கேட்டது, தெளிவாக, இரண்டு தடவை. அதுதான் பயமாக இருந்தது. ஆறு வருஷமாக நாளுக்குத் தொள்ளாயிரம் கேட்டவளுக்கு எப்போது வேண்டுமானாலும் அந்தச் சத்தம் கேட்கும், பஸ்ஸில் தூங்கும்போதுகூடக் கேட்டிருக்கிறது. மஞ்சள் கோட்டை நினைத்தாள். கோடும் வந்தது, கொஞ்சம் கோணலாக, அது வலது சக்கரத்தின் கோடா, இடதா, தொழிற்சாலையில் என்றோ இழுத்ததா, எந்தக் கோட்டுக்கும் முகம் இல்லை.

அந்தப் பன்னிரண்டு பீஸ் வேறு. ஞாயிறு மத்தியானம் முழுக்க அதைத்தான் பிரித்துப் பார்த்தார்கள். பன்னிரண்டிலும் மஞ்சள் கோடு இருந்தது, ஏழில் இறுக்கம் இல்லை. கோடு இருக்கிறது, போல்ட் விரலுக்குச் சுற்றுகிறது. "கோடு போட்டுட்டு ரெஞ்ச் வைக்காம விட்டிருக்காங்க, இல்ல வேற யோசனையில வச்சமாதிரி நெனச்சிக்கிட்டாங்க," என்றார் அருள்தாஸ். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அந்த பேட்சில் இரண்டு பேர் வேலை செய்திருந்தார்கள், அவளும், இரவு ஷிப்டில் ஒருத்தியும், யார் கை என்று கடைசிவரை தெரியவில்லை. நான் இல்லை சார் என்று சொல்ல வாய் எடுத்தாள், சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அந்த பேட்ச் செய்த வாரம்தான் அவள் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து படித்துவிட்டு ஷிப்டுக்குப் போய், சாயங்காலம் கல்லூரி வகுப்பில் உட்கார்ந்து, ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்து, சாப்பிட்ட கையோடு டார்ச் வெளிச்சத்தில் பழைய காலிப்பரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வேறு யோசனையில். வேலையில் இருக்கும்போது பாடம், வகுப்பில் இருக்கும்போது வண்டி, வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போது வேலை. எதைச் செய்கிறபோது எதில் இருந்தோம் என்றே தெரியாத ஒரு மாசம். அந்த மாசத்தில் பூட்டிய இரண்டு போல்ட்டின் மேல் இப்போது அம்மா உட்கார்ந்திருக்கிறாள், முன் சீட்டில், இடது பக்கம்.

வண்டி வாங்கி மூன்று வருஷம். ஒரு டாக்டர் வீட்டுக் கொட்டகையில் டயர் நான்கும் தட்டையாகக் கிடந்தது. வாங்கினபோது அப்பா ஒரு வாரம் பேசவில்லை. பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருஷம் இளநிலை உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அப்பா சம்பங்கி, ரசீது இல்லாத செலவு என்றால் அவருக்குத் தூக்கம் வராது. "டிப்ளமோவோட நின்னா அவங்க உன்னைக் கோடு போடற இன்ஸ்பெக்டராவே வச்சிருப்பாங்க பாப்பா. பி.ஈ. முடி, அப்புறம் விமானம்கூட வாங்கு," என்றார். அதையும் முடிக்கத்தான் சேர்ந்தாள், மாலை நேரக் கல்லூரி, கட்டணத்தை அவள் சம்பளத்திலேயே கட்டினாள், மிச்சத்தில் ஸ்பிரிங், மிச்சத்தில் சக்கரம், ஒரு பருவம் மிச்சமே இல்லாதபோது கட்டணத்துக்கு வைத்திருந்ததில் சீட் வாங்கிவிட்டு அபராதத்தோடு கட்டினாள், அதை அப்பாவிடம் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது. தொழிற்சாலையில் ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் போல்ட், ஒன்றுகூட எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியாது. இந்த வண்டியில் ஒரு போல்ட்டைத் திருப்பினால் சாயங்காலம் பாகலூர் ரோட்டு வளைவில் அது கைக்குத் தெரியும், ஸ்டீயரிங் வழியாக உள்ளங்கைக்கு வந்து சேரும். அவ்வளவுதான். அதற்காக இந்தப் பேப்பரை இரண்டு தடவை கோட்டை விட்டாள். இது மூன்றாவது. இதில் தேறினால் ஜூலையில் இன்ஜினியர் பட்டியலில் பெயர், இல்லாவிட்டால் அந்த இடம் வேறொருத்தருக்கு, அடுத்த பட்டியல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. அருள்தாஸ் அதையும் ஞாயிற்றுக்கிழமையே சொன்னார், பன்னிரண்டு பீஸையும் மூடி வைத்துவிட்டு, இந்த மாதிரி சமயத்துல டிகிரி கையில இருந்தா உனக்காக நானும் பேச முடியும் கோதை, என்று.

அப்பாவுக்கு அந்த வண்டியில் ஏறவே பிடிக்காது. சேலத்தில் மாதேஷ் மாமா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் பஸ்ஸில் போவதாகத்தான் பேச்சு. காலையில் கல்லூரி வாசலில் போனை அணைக்கப் போகும்போது அவர் அனுப்பியிருந்த செய்தி வந்தது. 'உன் வண்டியில்தான் சேலம் போகிறோம். இப்போதுதான் கிளம்பினோம். அம்மா முன் சீட்டு. பொம்மைக் கார் என்று மாதேஷ் கிண்டல் செய்தானே, வந்து பார்க்கட்டும். நீ பதற்றப்படாமல் எழுது.' அனுப்பிய நேரம் ஒன்பது நாற்பது. அதைப் படித்து அவள் அழுதுவிடப் பார்த்தாள், சந்தோஷத்தில். மூன்று வருஷத்தில் அவர் அந்த வண்டியை உன் வண்டி என்று சொன்னதே இல்லை, அந்தக் கொட்டகைச் சாமான் என்பார். போனை அணைத்துப் பையில் போட்டு, பையை அறைக்கு முன்னால் வரிசையாகக் கிடந்த பைகளோடு வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள், வயிறு நிறைந்த மாதிரி இருந்தது, போல்ட்டின் ஞாபகமே வரவில்லை. ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப இறுக்கிப் பார்க்க வேண்டும் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தாள், பரீட்சை முடிந்த பிறகு என்று அதன் பக்கத்திலேயே எழுதியிருந்தாள். இதுவரை ஓடியது ஆறு கிலோமீட்டர், செவ்வாய்க்கிழமை கடைத்தெருவுக்குப் போய் வந்தது. பிரேக் நன்றாகத்தான் பிடித்தது. விரலால் திருகிய போல்ட்கூட ஆறு கிலோமீட்டர் தாங்கும். அறுபது தாங்குமா, நூறு தாங்குமா. மேல் போல்ட் முதலில் போகும், காலிப்பர் கீழ் போல்ட்டில் தொங்கி ஒரு பக்கமாகச் சாயும், சாய்ந்து சக்கரத்தின் உள்பக்கத்தில் இடிக்கும், இடித்தால் பரவாயில்லை, சத்தம் வரும், அப்பா நிறுத்துவார், சிக்கினால், அந்த ஒரு சக்கரம் மட்டும் நின்றால்.

அப்பா அறுபதுக்கு மேல் போக மாட்டார். ஒன்பது நாற்பதுக்குக் கிளம்பினால் கிருஷ்ணகிரி பத்தரை, தர்மபுரி பதினொன்றே கால், அதற்கப்புறம் தொப்பூர். தொப்பூர் கணவாய் இறக்கம். முன்னாலும் பின்னாலும் இரும்புச் சுருளும் கிரானைட்டும் ஏற்றிய லாரிகள், இறக்கம் முழுக்க அப்பாவின் கால் பிரேக்கின் மேலேயே இருக்கும், அவர் கியரில் இறங்கத் தெரியாதவர். பூங்கோதை கையைத் தூக்கினாள். அறைக்கண்காணிப்பாளர் அம்மா, தடித்த கண்ணாடி போட்டவர், கூடுதல் தாளோடு வந்தார். தாள் வேண்டாம் என்று தலையாட்டினாள். "மேடம், ஒரே ஒரு போன் பண்ணணும். அவசரம்." அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "உடம்பு சரியில்லையா?" "இல்ல மேடம், வீட்டுக்கு." "பத்தே முக்காலுக்கு முன்னாடி யாரும் வெளிய போகக்கூடாதும்மா. அதுக்கப்புறம் போனா போனதுதான், திரும்ப வந்து எழுத முடியாது. தண்ணி குடிச்சிட்டு எழுது, எல்லாருக்கும் இப்படித்தான் படபடன்னு இருக்கும்." போல்ட் என்று சொல்லியிருக்கலாம். அப்பா, அம்மா, இறக்கம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் கேட்பார், இறுக்கலையா நீ? தெரியலை மேடம். உனக்குத் தெரியாதா? அதைத்தான் அவளால் வாய் விட்டுச் சொல்ல முடியவில்லை, ஏழு பீஸுக்கும் சேர்த்துச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

எழுது. தொப்பூருக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, பதினொன்று வரை எழுதினால் தேறுகிற அளவுக்கு எழுதிவிடலாம், அப்புறம் எழுந்து போ. நல்ல யோசனைதான். எட்டாவது கேள்வியை எழுதினாள், ஒன்பதாவதையும். பெரிய கேள்விகளுக்குப் போய்த் தண்டின் விட்டம் கணக்குப் போட ஆரம்பித்தாள், சூத்திரத்தை எழுதினாள், எண்களைப் போட்டாள், அடுத்த வரியில் அதே சூத்திரத்தைத் திரும்ப எழுதியிருந்தாள். இறக்கத்தில்தான் கழலும் என்று யார் சொன்னது. சூளகிரிக்குப் பக்கத்தில் சாலை வேலை நடக்கிறது, தார் கொத்திப் போட்ட இடத்தில் வண்டி ஒரு கிலோமீட்டர் தடதடவென்று போக வேண்டும், போல்ட் கழல அதைவிட என்ன வேண்டும், இதற்குள் அதைத் தாண்டியிருப்பார்கள். தாண்டியிருந்தால் நல்லது. தாண்டவில்லை என்றால். அம்மா கால் மேல் தாம்பூலத் தட்டுப் பையை வைத்திருப்பாள், சீட்பெல்ட் கழுத்தை அறுக்கிறது என்று கையால் தூக்கிப் பிடித்திருப்பாள், எத்தனை தடவை சொன்னாலும் அப்படித்தான். பூங்கோதை மூன்று வரி எழுதினாள், என்ன எழுதினாள் என்று படித்துப் பார்த்தபோது கீழ்ப் போல்ட், மேல் போல்ட் என்று இருந்தது, கணக்கில் போல்ட்டே கிடையாது. அடித்தாள். பத்து நாற்பத்தைந்துக்கு மணி அடித்தது. எழுந்திரு, என்று தனக்கே சொன்னாள். எழுந்திருக்கவில்லை. யாரோ ஒருவன் எழுந்து தாளைக் கொடுத்துவிட்டுப் போனான், அவனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இறுக்கியிருந்தால்? இறுக்கியிருந்தால் ஒன்றுமில்லாததற்காக ஒரு வருஷம், ஜூலைப் பட்டியல், மூன்றாவது தடவையாக அப்பாவின் முகம், அவர் திட்ட மாட்டார், சரி விடு பாப்பா என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைத் திருப்புவார். அந்தச் செய்தித்தாளுக்குப் பயந்து அவள் ஏழு நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எத்தனையோ நாள் அந்த ஏழு நிமிஷம் அவளைத் தூங்க விடவில்லை. பத்து ஐம்பத்திரண்டுக்கு, ஒரு முடிவும் எடுக்காமலே, கால்கள் எழுந்து நின்றன. "யோசிச்சுத்தான் குடுக்கறியா?" என்றார் கண்காணிப்பாளர் அம்மா. அவள் தாளை மேஜையில் வைத்துவிட்டுப் பையை இழுத்தாள், அதோடு மூன்று பேருடைய பைகள் சரிந்தன.

மாடிப்படிக்குக் கீழே நின்று அழைத்தாள். மணி போனது, எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது அவர் போனை எடுக்க மாட்டார், அவளே சொல்லிக் கொடுத்த பழக்கம். அம்மாவின் போன் அணைந்திருந்தது. திரும்ப அப்பா. திரும்ப அப்பா. மணி போகிறதே, மணி போவது நல்லதுதானே, இல்லை, எங்கே கிடந்தாலும் மணி போகும், சாலையோரப் புல்லில் கிடந்தாலும் போகும். வாசல் காவலாளி வந்து, "இங்க நின்னு பேசக்கூடாதும்மா, பரீட்சை நடக்குது" என்றார், நான் பேசவே இல்லையே அண்ணா என்றாள், அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் நாற்காலியை நகர்த்திப் போட்டுக் கொடுத்தார். உட்காரவில்லை. ஆறு தடவை கூப்பிட்டாயிற்று. நூறுக்கு அடிக்கலாமா, அடித்து என்ன சொல்வது, சிவப்பு மாருதி, உள்ளே வயசான இரண்டு பேர், நல்லாத்தான் போயிட்டிருக்காங்க, நிறுத்துங்க. ஒரு ஆம்புலன்ஸ் நெடுஞ்சாலைப் பக்கம் சத்தமிட்டுக்கொண்டு போனது, எந்தப் பக்கம் போகிறது என்று காது கொடுத்துக் கேட்டாள், பெங்களூர்ப் பக்கம்தான், பெங்களூர்ப் பக்கம்தான் என்று இரண்டு தடவை சொல்லிக்கொண்டாள், அதில் யார் வீட்டு ஆள் இருக்கிறார்களோ என்ற எண்ணம் அரை நிமிஷம் கழித்துத்தான் வந்தது, வெட்கமாக இருந்தது. பதினொன்று எட்டுக்குப் போன் அடித்தது.

"என்ன பாப்பா, ஆறு தடவை கூப்பிட்டிருக்கே? தர்மபுரிக்கு இந்தாண்ட டீ குடிக்க நிறுத்தியிருக்கோம். உன் வண்டி சும்மா வழுக்கிட்டுப் போவுது தெரியுமா, நான்கூட..." அவள் கத்தினாள். "அப்பா, வண்டியை எடுக்காதீங்க. ஸ்டீயரிங்கை முழுசா இடது பக்கம் ஒடிங்க. ஒடிச்சிட்டு முன்னாடி வந்து குனிஞ்சு பாருங்க." என்ன ஏது என்று கேட்டார், சொன்னாள், பாதிதான் சொன்னாள், அவர் மீதியைக் கேட்கவில்லை. டிக்கியில் பச்சைப் பெட்டி, அதில் பதினேழு என்று போட்ட ஸ்பானர். "ஸ்பானர்னா எது, ரெண்டு பக்கமும் வாய் இருக்கறதா?" "அதுதான்ப்பா." பின்னால் அம்மாவின் குரல் கேட்டது, கிரகப்பிரவேசத்துக்குப் போற வெள்ளை வேட்டியோட ரோட்டுல படுக்கறாரே இந்த மனுஷன். இடது சக்கரத்துக்கு உள்பக்கம், மேல ஒண்ணு கீழ ஒண்ணு, தலை தெரியுதா? தெரிந்தது. கீழ் போல்ட்டில் மாட்டினார், எந்தப் பக்கம் திருப்புவது என்று சொல்லிக் கொடுத்தாள், மூச்சைப் பிடித்துத் தள்ளுகிற சத்தம் கேட்டது. "ம்ஹூம். அசையல. கல்லு மாதிரி இருக்கு." இப்போதுதான் காவலாளியின் நாற்காலியில் உட்கார்ந்தாள். கீழ் போல்ட்டை இறுக்கியிருக்கிறேன். அப்படியானால் மேலதையும் இறுக்கியிருப்பேன். இல்லை, கீழதை முடித்து மேலதற்குப் போகும்போதுதான் போன் வந்ததா. "மேல இருக்கறதைப் பாருங்கப்பா." அவர் வேறொன்று கேட்டார். "ஏம்மா, மணி பதினொண்ணேகால் ஆவுதே. ஒரு மணி வரைக்கும் பரீட்சைன்னியே?" "எழுந்து வந்துட்டேன்ப்பா." "முடிச்சிட்டா?" "இல்ல." லாரிகள் போகிற சத்தம், ஒன்று, இரண்டு, மூன்றாவது நீளமான ஒன்று. அது போய் முடிகிற வரை அவர் பேசவில்லை. பிறகு வேகமாக, இரைந்து, "ஆங், இது சுத்துது பாப்பா. அரைச் சுத்து சுத்துச்சு. நல்ல வேளை கூப்பிட்டே. இப்ப இறுகிடுச்சு. நல்ல வேளை, போ."

பூங்கோதை போனைக் காதோடு அழுத்தினாள். ஸ்பானர் திரும்புகிற சத்தம் கேட்டதா? லாரிச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. மூன்றாவது லாரி போகிற நேரத்துக்குள் படுத்துக்கொண்டே ஸ்பானரை மாற்றி மாட்டித் திருப்பியிருக்க முடியுமா, முடியும், ஸ்பானரே பிடித்தறியாத கைக்கு முடியுமா. கீழதற்கு மூச்சைப் பிடித்தார், அது கேட்டது, மேலதற்குக் கேட்கவில்லை, சுற்றுகிற போல்ட்டுக்கு மூச்சுப் பிடிக்க வேண்டாம்தானே. அப்படிச் சொன்னால் ஒரு வருஷம் வீணாகவில்லை என்று மகள் நினைத்துக்கொள்வாள் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். ஆனால் மாட்டிப் பார்க்காமலே சொல்லியிருந்தால்? தொப்பூர் இன்னும் முன்னால் இருக்கிறது. "அப்பா, ஸ்பானரை மேல போல்ட்லயே திரும்ப மாட்டுங்க. மாட்டிட்டு அம்மாவையும் சேர்ந்து தள்ளச் சொல்லுங்க." "அதான் இறுகிடுச்சுன்னு..." "அம்மாகிட்ட குடுங்கப்பா போனை." பட்டுப் புடவை சரசரத்தது, முனகல், வளையல்கள் இரும்பில் மோதின. "அசையலடி," என்றாள் அம்மா மூச்சு வாங்க, "ரெண்டு பேரும் சேர்ந்து தள்ளியாச்சு, மேல இருக்கறதும் அசையல, கீழ இருக்கறதும் அசையல. கையெல்லாம் கிரீசு. என்னடி ஆச்சு உனக்கு, அழறியா?" இல்லம்மா, என்றாள். மெதுவாப் போகச் சொல்லு, இறக்கத்துல மூணாவது கியரப் போட்டு இறங்கச் சொல்லு, என்றாள். சரி என்றாள் அம்மா, மகள் இன்னும் ஏதோ கேட்கப் போகிறாள் என்று நின்றாள். முன்னால் அப்பா தனியாகத் திருப்பியபோது மேல் போல்ட் சுற்றியதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அம்மா பக்கத்தில்தானே நின்றுகொண்டிருந்தாள், பார்த்திருப்பாள். கேள்வி நாக்கு வரை வந்தது. பூங்கோதை கேட்கவில்லை. அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது.